ஒரு பங்குக்குப் பன்னிரண்டு ரூபா

துறைமுக வீதியிலிருந்த பங்குத் தரகுக் கிளையில் நான் தனியாகக் கவுண்டரில் இருந்த முதல் நாள் அது. அதற்கு முன் காப்புறுதி விற்றவள். பங்குகளைப் பற்றி மூன்று நாள் பயிற்சி மட்டும்தான்.

லிங்கநகரிலிருந்து பிலோமினா ரீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வீட்டுக் கூரையை மாற்றவென்று ஒரு கம்பனியில் ஐயாயிரம் பங்கு வைத்திருந்தார். அதன் கடைசி இரண்டு ஆண்டறிக்கைகளையும் என் முன்னால் விரித்தார்.

“பிள்ளை, போன வருசம் ஒரு பங்குக்கு மூலதன ஒதுக்கம் நாப்பது ரூபா. இப்ப பன்னிரண்டு. விலையும் பாதியாப் போச்சு. மிச்சத்தை ஆர் எடுத்தது?”

மூலதன ஒதுக்கம் என்றால் நாளாந்த வியாபார இலாபத்தில் சேராமல், வேறு வழிகளில் கம்பனிக்குள் சேர்ந்த தொகை. அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த எண் வரும். பயிற்சியில் எழுதிவைத்தது அவ்வளவுதான். அது ஏன் விழுந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் வெட்கம்.

“கம்பனி சரியில்லைப் போல, ரீச்சர்,” என்றேன்.

“அப்ப எல்லாத்தையும் வித்துப்போடுங்கோ.”

அவர் சொன்ன ஐயாயிரத்தையும் கணினியில் போட்டேன். சில நிமிடங்களில் விற்றுவிட்டது. அவர் கணக்கில் மிகுதிப் பங்குகளைப் பார்த்தேன். ஐயாயிரம்.

“வித்தாச்சு, ரீச்சர். ஆனா அப்பிடியே இருக்குது.”

“அதெப்பிடி? என்னட்ட இருந்ததே ஐயாயிரம்தானே!”

இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ராஜன் என்பவர் சொன்னார்:

“அக்கா, கம்பனி ஒதுக்கத்தில ஒரு பகுதியை மூலதனமா மாத்தி, ஒண்டுக்கு ஒண்டு போனஸ் பங்கு இலவசமாக் குடுத்தது. மேல ஒதுக்கம் குறைஞ்சுது, கீழ பங்கு இரட்டிச்சுது. வகுத்தா சின்ன எண்தானே வரும்? விலை பாதியானதும் அதாலதான். ஒரு சதமும் களவு போகேல்லை.”

ரீச்சரிடம் அப்படியே சொன்னேன். அவர் இரண்டு அறிக்கைகளையும் மூடினார்.

“கம்பனியிட்ட இருந்து கடிதம் ஒண்டு வந்தது. பிறகு வாசிப்பமெண்டு அலுமாரிக்குள்ள வைச்சனான். பின்னம் படிப்பிச்ச எனக்கே கீழ இருக்கிற எண்ணைப் பாக்கத் தோணேல்லை.”

“எனக்கும் தெரியாது, ரீச்சர். தெரிஞ்ச மாதிரிக் கதைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

விற்ற பாதி விற்றதுதான். அந்த ஆண்டு கூரையில் பாதி மட்டும் மாறியது. மற்றப் பாதிக்கு, விலை ஏறட்டும் என்று அவர் மீதிப் பங்குகளை வைத்துக் காத்திருந்தார்.

இப்போதும் இந்த விகிதங்களில் பல எனக்குக் குழப்பம்தான். எது குறைந்திருந்தாலும், பங்குகளின் எண்ணிக்கை மாறியதா என்று முதலில் பார்க்கிறேன். அதற்கும் முன்னால் செய்யவேண்டியதை ரீச்சர் அன்று படியிறங்கும்போது சொன்னார்:

“தெரியாதெண்டு சொல்லியிருந்தா, நான் அந்தக் கதிரையில இருந்து காத்திருந்திருப்பன், பிள்ளை.”