பேனாவில் எழுதிய லிஸ்ட்

மன்னார்குடியிலிருந்து நர்ஸ் வேலைக்கு தில்லி வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது இளவரசிக்கு. ஆண்கள் வார்டின் டியூட்டி லிஸ்ட் அவள் பொறுப்பு. பென்சிலால்தான் எழுதுவாள். யாராவது லீவு கேட்டு வந்து நின்றால் முகத்தைப் பார்ப்பாள், ரப்பரை எடுப்பாள், அழித்த இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வாள்.

"உன் பேரை ரேஷன் கார்டுலேர்ந்து எடுத்துட்டு வார்டு கதவுல மாட்டிடலாம்" என்பான், தில்லியின் துவாரகா பகுதி வீட்டில் தனியாகச் சாப்பிட்டுப் பழகிய கணவன் அச்சுதன்.

போன செவ்வாய்க்கிழமை ரவுண்டு வந்த டாக்டர் ஒன்பதாம் படுக்கையின் சார்ட்டைப் புரட்டினார். பத்து மணிக்கு ரத்த அழுத்தம் 124/80. இளவரசியின் கையெழுத்து. படுக்கையில் ஆள் இல்லை. எட்டரைக்கே ஸ்கேனுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

டாக்டர் சார்ட்டை மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். இளவரசி அதை எடுத்து மறுபடி பார்த்தாள். காலி மெத்தைக்கு பிரஷர் எழுதியிருக்கிறாள்; எழுதியது நினைவிலேயே இல்லை.

யாரும் கேட்குமுன் நடந்ததை எழுதி, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மதுமதியின் மேஜையில் வைத்தாள். மெமோ நிச்சயம். வேலையே போனாலும் போகலாம்.

மதுமதி படித்துவிட்டு டியூட்டி லிஸ்டைக் கேட்டாள். ரப்பர் தேய்த்து மெலிந்த கட்டங்களை விரலால் தடவி எண்ணினாள்.

"இருபத்துமூணு நாளா ஆஃபே எடுக்கலையா?"

"ஆள் இல்ல மேடம்."

"அச்சா! எனக்கு வர்ற லிஸ்டுல எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு. நிரம்பின வார்டுக்கு நான் எதுக்கு ஆள் அனுப்பணும்? நீயே மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

இளவரசிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவளும் அந்தக் கட்டங்களைப் பார்த்தாள்.

"மெமோ கிடையாது. நீயா வந்து சொன்னே. ஆனா அந்தப் பென்சிலை இங்க வெச்சிட்டுப் போ."

மறுநாளே வெளிநோயாளர் பிரிவிலிருந்து இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். லிஸ்ட் எழுதும் வேலை, வார்டின் இன்னொரு நர்ஸான நிகிலுக்குப் போனது. பேனாவில் எழுத வேண்டும். ஆள் இல்லாத கட்டம் காலியாகவே மேலே வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆஃப். மதியம் மனசு கேட்காமல் வார்டுக்கு ஃபோன் போட்டாள்.

"சிஸ்டர்ஜி, ஒன்பதாம் பெட் ஆளே வீட்டுக்குப் போயாச்சு. நீங்க இன்னும் போகலையா?" என்று சொல்லி நிகில் ஃபோனை வைத்துவிட்டான்.

"துரத்திட்டானா?" என்றான் அச்சுதன்.

"துரத்திட்டான்."

தட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் வைத்த சாம்பாரில் உப்பு கூட. அதைச் சொல்லிச் சண்டை போட அன்று அவளுக்கு நேரம் இருந்தது.