ஒரு கிலோவுக்கும் குறைந்த கூடாரம்

ஒஸ்லோவில் என்னோடு பேருந்து ஓட்டும் ஊலா, தன் பல்லுத்தீட்டும் பிரஷின் பிடியைப் பாதியாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சமையல் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தான். ஓய்வறைக்குள் நுழைந்த எனக்கு, நல்லாயிருந்த மனிசனுக்கு என்ன நடந்தது என்று கவலையாய்ப் போயிற்று. மலைக்கு நடக்கப் போகிறானாம், முதுகுப்பையில் ஒவ்வொரு கிராமும் கணக்காம். இந்த நாட்டுச் சனம் கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை நல்ல வீட்டைப் பூட்டிப்போட்டுக் காட்டில் கூடாரம் அடித்துப் படுக்கும். அதற்கு 'தூர்' என்று பெயர். யாரும் துரத்தாமல் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில் என்ன சந்தோசம் என்று விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

சண்டைக்குள் நாங்கள் முள்ளியவளையிலிருந்து வெளிக்கிட்டபோது கிராம் பார்க்கவில்லை. கூரைத் தகரம், கதவு, யன்னல், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். வன்னியில் எல்லோரும் அப்படித்தான், வீட்டையே கழற்றிக் கட்டிக்கொண்டு ஓடினோம். போகப் போக ஒவ்வொன்றாய் வழியில் விட்டோம். கடைசியில் மிஞ்சியது தறப்பாள் ஒன்றுதான். முகாமில் மழைத்தண்ணீருக்குச் சுற்றிவர வாய்க்கால் வெட்டி, அந்தத் தறப்பாளுக்குள் என்னோடு ஒரு வருடத்துக்கு மேல் இருந்த என் அக்கா, வெளியே வந்த அன்று, செத்தாலும் இனிக் கூடாரத்துக்குள் படுக்கமாட்டேன் என்று சொன்னா. சொன்னால் சொன்னதுதான், எங்கள் அக்கா.

அதே அக்காவுக்காகத்தான் நான் ஊலாவைக் கூட்டிக்கொண்டு கூடாரக் கடைக்குப் போனேன். அவாவுக்குக் கதிர்காமத்துக்கு நடந்து போகிற நேர்த்தி ஒன்று இருக்கிறது. போன வருடம் கடற்கரை வெளியில் படுத்து ஈரம் பிடித்து, மூச்சிழுப்பு வந்து, பாதி வழியில் திரும்பிவிட்டா. இந்த முறையும் முடியாவிட்டால் இனி நடக்கமாட்டேன், முருகன் என்னை வேண்டாமென்கிறான் என்று அர்த்தம் என்று தொலைபேசியில் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. லீவு போட்டு அவாவோடு நடப்பதென்றும், சுமக்கப் பாரமில்லாத கூடாரம் ஒன்று கொண்டுபோவதென்றும் முடிவெடுத்தேன்.

வாங்கியதை முதலில் ஊலாவோடு மலையில் அடித்துப் பார்த்தேன். இரண்டு ஊன்றுதடிகளில் நிற்கும் கூடாரம். துணி வெங்காயத் தோல்போல இருந்தது. அடித்து முடித்ததும் ஒரு தட்டைக் கல்லை எடுத்துச் சுற்றிவரத் தோண்டத் தொடங்கினேன். ஊலா பதறிப்போனான்.

"எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்றான்.

"இல்லை, தண்ணீர் வரும்."

"எங்கிருந்து?"

வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. பாசியைக் கிளறினால் மூட எத்தனையோ வருடமாகும் என்று அவன் என் வாய்க்காலைக் கையால் நிரவினான். கூடாரம் என்றால் வாய்க்கால் வெட்டவேண்டும் என்பதை நான் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. விடிய எழும்பிப் பார்த்தால், மழையே இல்லாமல் உள்ளே நனைந்திருந்தது. ஒற்றைத் துணிக் கூடாரத்தைப் பூட்டிப் படுத்தால் எங்கள் மூச்சே தண்ணீராகிச் சொட்டுமாம். அக்காவின் இழுப்புக்கு இது எப்படிச் சரிவரும் என்று யோசித்தபடி அதை உதறிக் காயவைத்தேன்.

வைகாசியில் முள்ளியவளைக்குப் போய், அக்காவின் முற்றத்தில் பையை அவிழ்த்தேன். அவா அதை வாங்கி, நெல்மூட்டை நிறுக்கும் தராசில் கொழுவினா. முள் அசையவில்லை.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையடா தம்பி. உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

அடித்துக் காட்டினேன். ஊன்றுதடி ஒன்றை ஒஸ்லோவில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மூலையில் சாத்தியிருந்த நடைக்கு எடுத்துச்செல்லும் வேலில் கை வைத்ததும், "முருகன்ர வேலிலயோ கூடாரம் கட்டப்போறாய்?" என்று தலையில் குட்டினா. பூவரசங் கம்பு ஒன்று முறித்துத் தந்தா. பிறகு மண்வெட்டியை எடுத்து வந்து கூடாரத்தைச் சுற்றி வெட்டத் தொடங்கினா. மண் காய்ந்து புழுதி பறந்தது.

"அக்கா, மழை எங்க?"

அவா நிமிர்ந்து வாய்க்காலைப் பார்த்தா, மண்வெட்டியைப் பார்த்தா. முகம் மாறிவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "நான் உதுக்குள்ள வரமாட்டன், கழட்டு" என்று குசினிக்குள் போய்விட்டா. எனக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரம் காவி வந்து, அவாவுக்கு அந்த முகாமைத்தான் முற்றத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கொஞ்சநேரத்தால் தேத்தண்ணியோடு வந்தா. கூடாரத்தை ஒருதரம் சுற்றினா. இரண்டு பக்கக் கதவுகளையும் இழுத்துச் சுருட்டி, மேலே கட்டினா. சோளகக் காற்று உள்ளே புகுந்து மற்றப் பக்கத்தால் போனது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் மாடு நிற்பது தெரிந்தது.

"இப்ப இது பந்தல். பந்தலுக்குள்ள படுப்பன்," என்றா.

அப்படித்தான் நடந்தோம். கொக்கிளாய் மணலில் முளை நிற்கவில்லை, பைகளில் மண் நிரப்பிப் புதைத்துக் கட்டினோம். காரைமுள் கிழித்த ஓட்டையைப் புல்மோட்டையில் சைக்கிள் கடை முஸ்லிம் நானா ஒட்டித் தந்தார். "இதை நம்பியோ வெளிக்கிட்டனீங்கள்?" என்று அவர் சிரித்த சிரிப்புக்கு நோர்வேயில் உள்ள கூடாரக் கடைகள் எல்லாம் வெட்கப்படவேண்டும். இருவருக்கான கூடாரம் என்பது இரண்டு நோர்வேக்காரருக்கு. எங்கள் கணக்கில் அக்காவும் கூட நடந்த சாமிமாருமாய் நாலு பேர் படுத்தார்கள், நான் வெளியே படுத்தேன். ஆனால் கதவு திறந்து கிடந்ததால் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. விடிய அக்கா இழுப்பில்லாமல் எழும்பி, திருநீறு பூசி, எனக்கு முதல் நடக்கத் தொடங்குவா.

கதிர்காமம் வர முன்பே, வெருகலில் என் லீவு முடிந்தது. நான் பேருந்தில் ஏறும்போது அக்கா அழவில்லை. கூடாரத்தை என் பையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டா. ஒஸ்லோவில் ஊலா முதலில் கேட்டது கூடாரத்தைத்தான். அது இன்னும் நடக்கிறது என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. பின்னால் அரோகராச் சத்தம்.

"வந்திட்டன் தம்பி. இழுப்பு இல்லை, ஒண்டுமில்லை. கதிர்காமத்தில நிக்கிறன்."

நான் ரோட்டில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவா தன்பாட்டில் கதைத்துக்கொண்டே போனா.

"ஆத்தங்கரையில இதை விரிச்சால் எல்லாரும் வந்து இது ஆரின்ர, ஆரின்ர எண்டு கேக்கினம். என்ர தம்பியின்ர, அவன் பின்னுக்கு நடந்து வாறான் எண்டு சொல்லிப்போட்டன்."

சீருடையும் சப்பாத்துமாய் ஒஸ்லோ நிறுத்தத்தில் நின்றபடி, "ஓம் அக்கா, வாறன்" என்றேன்.