வெள்ளை விளக்கும் காக்கிச் சட்டையும்

கவரைப்பேட்டையைத் தாண்டியதும், நன்றாக இருட்டிய நேரத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் காரைக் கைகாட்டி நிறுத்தினார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. காரோடு வந்த விளக்கைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்இடி மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சட்டப்படி இது கூடாது என்று கடைக்காரரே எச்சரித்திருந்தார்.

"நாளைக்கே கழட்டிடறேன் சார். கடைக்காரன்தான் ஏமாத்திட்டான்" என்று அவர் கேட்காமலே ஒப்பித்தேன்.

"நான் போலீஸ் இல்ல சார், கம்பெனி வாட்ச்மேன். எதிர்ல லைட்டு வந்தா ஒரு கண்ண மூடிக்கினு போவேன், அது இருட்டுக்குப் பழகி இருக்கும். உங்க லைட்டுல மூடறதுக்குள்ளயே ரெண்டு கண்ணும் பூட்ச்சி. சைக்கிளோட பள்ளத்துல எறங்கிட்டேன்."

அவர் முழங்காலில் ரத்தம் வழிந்தது. நான் "அப்பாடா" என்றேன், வாய்விட்டே.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பதறிப்போய்க் காரில் ஏறச் சொன்னேன்.

"சைக்கிள இன்னா பண்றது? டூட்டிக்கு லேட்டாவுது. லைட்ட அணைச்சி வைங்க, நான் தாண்டிப் போய்க்கிறேன்."

அணைத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் நொண்டி நொண்டிப் போகும் சத்தம் மறையும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால், ஏதாவது ஜோக்கடித்துத் தப்பித்திருப்பேன்.