மாமன் மடியும் புதுக் குடோன் வழியும்

"மாமன் மடி இல்லாம எந்த ஊர்லடா காது குத்துவாங்க? ஆசாரி எம்புட்டு நேரம் உக்காந்திருப்பாரு? இந்தா, அடுத்த காப்பியும் குடிச்சிட்டாரு!"

போனில் அக்கா. திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமனான நானோ காளவாசலில், மருந்து மொத்தக்கடை மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன்.

"பத்து நிமிஷம்க்கா. வந்துர்றேன்."

"காலையில இருந்து அந்தப் பத்து நிமிஷம் தீரவே மாட்டேங்குது."

மெடிக்கல் கடைகள் அனுப்பும் ஆர்டர்களைக் குடோனுக்குச் சேர்ப்பது நான் எழுதிய புரோகிராம். அதைத் தாங்கி ஓட்ட, ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகம் ஒன்று உண்டு. எந்த ஆர்டர் எந்த வழியில் போக வேண்டும் என்பது முன்பெல்லாம் தனி ஃபைலில் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியிலேயே எழுதினேன். பிசகினால் அப்போதே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். தானே கற்றுக்கொண்டவனுக்கு அது பெரிய துணை. அன்று புதுக் குடோனுக்கு வழி சேர்த்திருந்தேன். சிவப்பு எதுவும் இல்லை. ஆனால் ஆர்டர்கள் வந்து வந்து வரிசையில் நின்றன, நகரவில்லை.

"பந்தியில எல்லாரும் உக்காந்தாச்சு, பரிமாறத்தான் ஆளில்ல. அப்படித்தான மாப்ள?" என்றார் முதலாளி, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. என்னால் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

"மாமா, ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேனே?"

"இன்சுலின் கேட்டு ஆஸ்பத்திரி மெடிக்கல்ல இருந்து போன் மேல போன். முன்னன்னா ஃபைலத் திறந்து நானே எதையாச்சும் தட்டிவிடுவேன். இப்பப் பூராத்தையும் ஜாவாக்குள்ள போட்டுட்ட. நீ போயிட்டா நான் யார்ட்டப் போயி நிப்பேன்?"

கதவுக்கும் எனக்கும் நடுவில் அவர் வயிறு. காதில் அக்கா.

"சரி, நீ வர வேணாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

வேறு யார் மடியிலாவது பிள்ளையை உட்கார வைத்துவிட்டால், சாகும்வரை சொந்தக்காரர்கள் முன்னால் நிமிர முடியுமா? அரை மணி நேரம் வரி வரியாகத் தேடினேன். புது வழியை எழுதியவன், அதன் தலைமேல் 'பீன்' என்ற அடையாளத்தைப் போட மறந்திருந்தேன். அது இல்லாவிட்டால் அப்படி ஒரு வழி இருப்பதே ஃபிரேம்வொர்க்குக்குத் தெரியாது. போட்டேன். மறுபடி ஓடவிட்டேன். முதல் ஆர்டர் போவதைப் பார்க்காமல் எழவும் முடியாது.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம். பட்டுப்பாவாடையில் பிள்ளை, பின்னால் ஆசாரி, ஆட்டோவில் கலைந்த தலையோடு அக்கா. கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள்.