அம்மா நடந்து ஏறிய சறுக்குப்பாதை

நாங்கள் இருக்கும் துன் நகரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய சின்னப் பனிச்சறுக்கு மலைகள் ஐந்தை இரண்டு வாரமாக ஒப்பிட்டேன். ரயில் நேரம், பனியின் ஆழம், பாதைகளின் நீளம் எல்லாம் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் அம்மாவுக்கு அன்று லீவு. நான் சறுக்குவதை அவர் பார்த்ததே இல்லையென்று கூட்டிப்போனேன்.

அங்கே இருந்ததோ இழுவை லிப்ட் மட்டும். சறுக்குக்கட்டைகளில் நிற்பவர்களைத்தான் அது மேலே இழுக்கும்.

"நீ போ பிள்ளை, நான் கீழ நிண்டு பாக்கிறன்," என்றார் அம்மா. ஆசையில் நானும் போய்விட்டேன்.

மூடுபனி இறங்கிவிட்டது. மூன்றாவது தடவை சறுக்கி வரும்போது, பாதை நடுவே யாரோ நடந்து ஏறுவது கடைசி நொடியில்தான் தெரிந்தது. வேண்டுமென்றே சரிந்து விழுந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அம்மா, புட்டுப் பெட்டியோடு.

"இதுக்குள்ள ஏனம்மா வந்தனீங்கள்? இடிச்சிருப்பன்!"

"கத்தாதை. ரெண்டு மணியாச்சு, புட்டு ஆறுதெல்லோ. கீழ நிண்டு உன்னையோ பாக்கலாம்? பனிமூட்டத்தைத்தான் பாக்கலாம்."

கட்டைகளைக் கழற்றிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதையோரமாக இறங்கவே முக்கால் மணி நேரம் ஆனது. ரயிலில் அம்மா நனைந்த சப்பாத்தைக் கழற்றாமலே தூங்கிவிட்டார். அவருடைய லீவு அப்படியே முடிந்தது.

இப்போது எந்த மலையென்றாலும், சறுக்காதவர்கள் எப்படி மேலே போவது, எங்கே உட்காருவது என்று முதலில் போன் பண்ணிக் கேட்கிறேன். ஒன்றில் கண்ணாடிக் கூண்டு லிப்ட் இருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னேன்.

"அடுத்த லீவுக்கு நான் நித்திரை கொள்ளப் போறன்," என்றார்.

அதற்கடுத்த லீவைக் கேட்டு வைத்திருக்கிறேன்.