ஒரு முதலெழுத்தில் இரண்டு பேர்

கனடாவின் பிறம்ரனில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடிச் சமையலறையில், ஒரு பெண் என்னுடைய அச்சுத்தாளில் பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"இது நான். இது நான். இது நான் இல்லை," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது "நான் இல்லை" வந்தபோது என் காதுகள் சூடாகிவிட்டன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தைந்து வயது. மிசிசாகாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணினிக்கு நிரல் எழுதும் வேலை. சனிக்கிழமைகளில் கோ விளையாடப் போவேன். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகள் உள்ள பலகையில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம். பல்கலைக்கழகத்தில் ஒரு தோழி பழக்கிவிட்டாள். அம்மாவுக்கு அந்தப் பெயரே சிரிப்பு.

"கோ எண்டால் அரசன். உது என்ன, இராசாமாற்றை விளையாட்டோ?"

"இல்லையம்மா, கல்லு வைக்கிற விளையாட்டு."

"கல்லு வைக்கவோ ஸ்காபரோவில இருந்து ரெண்டு பஸ் மாறிப் போறாய்? இஞ்சை அரிசிக்கையும் கல்லுக் கிடக்கு. வந்து பொறுக்கு."

எங்கள் கழகம் யங் வீதியில் ஒரு சமூக நிலையத்தின் மாடி அறையில் கூடியது. இருபது பேர் வருவோம். அவர்களில் ஒருவர்தான் உண்மையான ஆட்டக்காரர். சீனாவில் தொழில்முறையாக ஆடியவர், நான்காம் டான். டான் என்பது தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்படும் படி. ஒன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும். கணவரோடு ரொறொன்ரோ வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஒட்டும் வேலை செய்தார். அம்மா அவரை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் வீட்டில் அவர் "உன்ரை சீனத்து அக்கா".

அந்த மாசி மாதம் கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசியாவில் நடக்கவிருந்த பெண்களுக்கான உலகப் போட்டி ஒன்றில் வட அமெரிக்காவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்கு இரண்டு பேர்: எங்கள் நான்காம் டான்காரர், மேற்குக் கரையில் வாழ்ந்த இன்னொரு தொழில்முறைப் பெண். யாரை அழைப்பது என்று முடிவு செய்ய ஆதாரம் கேட்டிருந்தார்கள். எங்கள் செயலாளர், விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை செய்த கொரியர், கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

"டானைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது," என்றார். "டான் ஏறும், இறங்காது. ஒரு நாட்டு நான்காம் டான் இன்னொரு நாட்டில் இரண்டாம் டான். எங்களுக்கு எண் வேண்டும். நீதானே எண்காரி."

அவர் சொன்னது பொய்யில்லை. உலகெங்கும் ஆர்வலர்கள் தொழில்முறை ஆட்டங்களின் முடிவுகளை இணையத்தில் தட்டச்சு செய்து போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வருடமாக அவற்றைச் சேர்த்து, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வலிமை எண் கணிக்கும் நிரல் எழுதியிருந்தேன். முறை எளியது. தன்னைவிட வலியவரை வென்றால் எண் நன்றாகக் கூடும். மெலியவரிடம் தோற்றால் நன்றாகக் குறையும். ஒரு கொப்பியில் என் அனுமானங்களை இலக்கமிட்டு எழுதி வைத்திருந்தேன். கைவிடப்பட்ட ஆட்டம் கணக்கில் இல்லை என்பது ஒன்று. பழைய ஆட்டத்துக்கு மதிப்புக் குறைவு என்பது இன்னொன்று. மொத்தம் ஏழு. ஏழையும் யாரிடமும் நியாயப்படுத்த என்னால் முடியும் என்ற பெருமை எனக்கு இருந்தது.

நிரலை ஓட்டினேன். எங்கள் நான்காம் டான்காரர், மேற்குக் கரைப் பெண்ணுக்கு மிகவும் கீழே வந்தார். நான் அதிர்ந்து போனேன். மறுபடியும் ஓட்டினேன், அதே எண். பிறகு அதிர்ச்சிக்குக் காரணம் தேடிக்கொண்டேன்: கழகத்தில் எங்களைப் போன்றவர்களோடு ஆடுவதால்தான் அவர் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறார். எண்ணை நம்பினேன். செயலாளர் பட்டியலை ஃபாக்ஸில் அனுப்பினார்.

சனிக்கிழமை அவரிடம் சொன்னபோது தலையை அசைத்துவிட்டுக் கற்களைக் கிண்ணத்தில் போட்டு மூடினார். அதற்கடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அவர் வரவில்லை. செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "எண் சரிதான். நான் பலவீனமாகிவிட்டேன் என்று எனக்கே தெரியும்," என்றாராம்.

அதனால்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு பிறம்ரன் போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில், கணக்கு ஒழுங்காகத்தான் செய்யப்பட்டது என்று காட்டப் போனேன். அவருடைய எண்ணுக்குள் போன ஆட்டங்கள் எல்லாவற்றையும் திகதியோடு அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி. அதனால் சொற்களை வீணாக்காமல் பேசுவோம். அவர் தேநீர் வைத்தார். தாளைப் பார்த்தார். பென்சில் எடுத்தார்.

தாங்கள் ஆடிய ஆட்டங்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று கண்ணால் கண்டேன். "இது நான். இதில் வலது மூலையில் பிழை விட்டேன். இது நான், மழை பெய்தது. இது நான் இல்லை."

"மறந்திருக்கலாம்," என்றேன்.

அவர் பென்சில் முனையைத் திகதியில் வைத்தார். "இந்த மாதம் நான் இங்கே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்."

திகதியைப் பார்த்தேன். அவர் கனடா வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு சீனாவில் நடந்த ஆட்டம். அதற்குக் கீழேயும் அப்படி எத்தனையோ வரிகள். பெரும்பாலும் தோல்விகள். அந்தத் தாளை அச்சடித்தவள் நான். அடுக்கி, பிணைத்து, கொண்டு வந்தவளும் நான். திகதிகள் ஒவ்வொரு வரியிலும் இருந்தன. எண் பிழையாகாது என்று இருந்ததால் ஒன்றையும் வாசிக்கவில்லை.

"அப்படியென்றால் இது யார்?"

அவர் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் சீன எழுத்தில் இரண்டு பெயர்களை எழுதினார். எனக்கு அவை இரண்டு வெவ்வேறு படங்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். குடும்பப் பெயர்கள் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கின. இரண்டாவது பெயர் இருவருக்கும் ஆங்கிலத்தில் ஒன்றே.

"பயிற்சிப் பள்ளியில் என் அறைத் தோழி," என்றார். "வேகமாக ஆடுவாள். வேகமாகத் தோற்பாள்."

அப்போது எனக்கு விளங்கியது.

என் நிரலில் பெயர் வரும்போது முதற்சொல்லில் முதலெழுத்தை மட்டும் எடுத்து, இரண்டாவது சொல்லை முழுதாக வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட இடாப்பில், ஆசிரியர் பெயர் கூப்பிடும் பதிவேட்டில், எல்லோருக்கும் அப்படித்தான்: அப்பாவின் பெயர் ஓர் எழுத்து, அதன் பிறகு பிள்ளையின் பெயர். முன்னால் நிற்பது அப்பா, அப்பாவைச் சுருக்கலாம். சீனர்களுக்கு முன்னால் நிற்பது குடும்பப் பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விரல்கள் தம்பாட்டுக்கு எழுதிவிட்டன. என் கொப்பியின் ஏழு அனுமானங்களில் இது இல்லை. அனுமானம் என்று தெரிந்தால்தானே எழுதலாம்.

இத்தனைக்கும், கனடா வந்த நாள் தொடக்கம் படிவங்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தவள் நான். இங்கே அப்பாவின் பெயர் என் கடைசிப் பெயராகிவிட்டது. அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் கடிதங்களில் அப்பாவின் பெயருக்கு முன்னால் "மிஸ்" நின்றது.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தேன். அம்மா என்னவென்று கேட்டா. சொன்னேன்.

"அப்ப ஒருத்தியின்ரை தோல்வியைக் கொண்டுபோய் மற்றவளின்ரை தலையில கட்டிப்போட்டாய்."

"ஓமம்மா."

"ரெண்டு பேருக்கும் ஒரே இனிசலோ?"

"ஓம்."

"எங்கட ஊரிலயும் நடந்ததுதானே. சோதனை மறுமொழி வந்து, ஒருத்தி பாஸ் எண்டு வீடு முழுக்கப் பலகாரம் குடுத்தாச்சு. பிறகு பாத்தால் பாஸானது அடுத்த ஒழுங்கைக்காரி." அம்மா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டா. "சரி. அந்தப் பிள்ளை போகேலுமோ இனி?"

அதுதான் கேள்வி. அன்று மாலையே பெயர்களை முழுதாக வைத்து நிரலைத் திருத்தி ஓட்டினேன். பட்டியலில் இன்னும் பல "மனிதர்கள்" இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் நான்காம் டான்காரர் மேற்குக் கரைப் பெண்ணுக்குச் சற்று மேலே வந்து நின்றார்.

சற்று மேலே என்பதை இந்த முறை நான் நம்பவில்லை. மேற்குக் கரைப் பெண் கற்றது வேறொரு நாட்டில். அந்த நாட்டு ஆட்டக்காரர்களும் சீன ஆட்டக்காரர்களும் ஒருவரோடொருவர் மோதிய ஆட்டங்கள் என் கையில் மிகக் கொஞ்சம். அந்தச் சில ஆட்டங்களில்தான் இரண்டு நாட்டு எண்களும் ஒன்றோடொன்று தொங்கின. அவற்றில் இரண்டை எடுத்துவிட்டு ஓட்டினேன். மேற்குக் கரைப் பெண் மேலே வந்தார். திரும்பச் சேர்த்தேன், எங்களுடையவர் மேலே. பிழை இல்லாத பட்டியலால்கூட இந்த இருவரில் யார் வலியவர் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் அதை நான் பார்க்காமலே எண்களைத் தசம தானத்தோடு அச்சடித்திருந்தேன்.

திங்கள் காலை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதினேன்: பிழை என்னுடையது, இருவரும் சமம், ஓர் ஆட்டம் ஆட வைத்து முடிவெடுங்கள். செயலாளர் வாசித்துவிட்டு அனுப்பினார். புதன்கிழமை பதில் வந்தது. திருத்தத்துக்கு நன்றி, அழைப்பு முன்பே போய்விட்டது, மேற்குக் கரைப் பெண்ணும் ஏற்றுக்கொண்டுவிட்டார், அடுத்த முறை கவனிப்போம். அடுத்த வருடம் அந்தப் போட்டி நடக்கவே இல்லை. எங்கள் நான்காம் டான்காரருக்கு வேறோர் அழைப்பும் வரவில்லை.

அந்தப் புதன் மாலை நான்தான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அது என் வேலை என்று செயலாளர் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"அப்படியானால் நான் பலவீனமாகவில்லை," என்றார்.

"இல்லை."

"மூன்று கிழமை நம்பியிருந்தேன்."

தன் ஆட்டம் ஒவ்வொன்றையும் மழையோடு நினைவு வைத்திருந்தவர், என் தாளைப் பார்த்துத் தன்னை நம்பாமல் விட்டிருந்தார்.

"என் அறைத் தோழியின் எண் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். "இதை அவள் ஏற்கவே மாட்டாள். எனக்கு ஒரு பிரதி தா, அனுப்புகிறேன். எண் பிழையாக இருக்கலாம் என்றும் எழுதிவிடு. இல்லாவிட்டால் என்னோடு பேசமாட்டாள்."

சனிக்கிழமை வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, பலகையில் எனக்குச் சலுகையாக ஒன்பது கறுப்புக் கற்களை வைத்துவிட்டு, கழக இடாப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக அங்கே நான் இருந்தேன்.

"இதில் எது நீ?"

அத்தனை காலமும் அவர் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டிருந்தார். நானும் திருத்தவில்லை. முதலாவது சொல்லில் விரலை வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரமும் பிழையாக. பிறகு தன் முதல் வெள்ளைக் கல்லை வைத்தார்.