உள்ளே நின்று வைத்த சீல்

என் வீட்டுக்காரரை மார்க்கெட்டில் எல்லோரும் 'அரக்கு' என்றுதான் சொல்வார்கள். தானியக் கிடங்குகளுக்குச் சீல் வைக்கிற அரசாங்க ஆய்வாளர். விவசாயிகளிடம் கடனுக்குத் தானியம் வாங்குகிற வியாபாரி, பேங்கில் ஜாமீன் கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஜாமீன் காலாவதியானால் இவர் போய்க் கிடங்கை மூடிவிடுவார். வீட்டில் சர்க்கரை டப்பாவை மூடினால்கூட நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். இவரோடு இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம், மக்காச்சோளக் கிடங்கு ஒன்றின் காவலாளி எனக்குப் போன் பண்ணினார். "அம்மா, சார் தன்னையே சீல் வச்சுக்கிட்டாரு" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கிடங்கின் மூன்று கதவுக்கும் தாழ்ப்பாள் உள்பக்கம்; கடைசிக் கதவை மட்டும் வெளியே வந்து பூட்டிச் சீல் வைக்க வேண்டும். இவர் வரிசையாகத் தாழ் போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்திக்கொண்டே வந்திருக்கிறார். மூன்றாவதும் அழகாக விழுந்த பிறகுதான், தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்திருக்கிறார்.

சாப்பாட்டு டப்பாவோடு ஓடினேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால், மூட்டை மேல் உட்கார்ந்து, முகத்தை மட்டும் அதிகாரியாக வைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு விவசாயி அம்மா அழாத குறையாக நின்றார். உள்ளே இருந்த மூட்டைகளில் அறுபத்திரண்டு அவருடையவை. கடனுக்கு வாங்கிய வியாபாரி பணம் கொடுக்காமல் கம்பி நீட்டிவிட்டான். மறுநாள் காலை மேலதிகாரி வந்து, முத்திரை கலையாமல் இருந்தால்தான் மூட்டைகளை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பார். அதைவிட்டால் அந்த அம்மாவுக்கு வேறு கதி இல்லை.

உடைத்துக்கொண்டு வெளியே வாருங்கள், மறுபடி வைத்தால் போச்சு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றார். "முத்திரை கலைஞ்சா வியாபாரியோட வக்கீல் அதையே பிடிச்சுக்குவான். இந்தம்மாவுக்கு ஒரு மூட்டை தேறாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டப்பாவோ கம்பிக்குள் நுழையவில்லை. ஊரே பார்க்க, ஒவ்வொரு கவளமாக ஊட்டிவிட்டேன்.

சாயங்காலம் காவலாளி டீ குடிக்கப் போன நேரம், வியாபாரியின் மச்சான் லாரியோடு பின்பக்கம் வந்தான். முன்பக்க ஜன்னலடியில் நாங்கள் இரண்டு பெண்கள் இருந்தது அவனுக்குத் தெரியாது. கடப்பாரையைக் கதவிடுக்கில் வைத்து நெம்பப் போனான்.

"அனுமதிக் கடிதம் இருக்கா?" என்றது கிடங்கு.

கடப்பாரையைப் போட்டுவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு ஓடினான். லாரி அவனுக்கும் முன்னால் போய்விட்டது.

காலையில் மேலதிகாரி ஜன்னல் வழியாக மூன்று முத்திரையையும் பார்த்துவிட்டு, இவரையே உடைத்துத் திறக்கச் சொன்னார். தலையெல்லாம் சோளத்தூசியோடு வெளியே வந்த இவரை நிற்க வைத்து வறுத்தெடுத்தார். எனக்கோ அந்தத் தூசியோடேயே இவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அறுபத்திரண்டாவது மூட்டையும் வண்டியில் ஏறிய பிறகு அந்த அம்மா கிட்டே வந்து, "சார், அடுத்த தடவையும் உள்ள இருந்தே வச்சிடுங்க" என்றார். இவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, அதற்கு இடமிருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார்.